எங்கள் மொட்டை மாடியிலும் ஒரு மைக் வையுங்கள்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இருந்து எழுதுகிறேன். நகருக்குள் பறக்கப்போகும் மின்சார விமானங்களின் சத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழைய விமான நிலையத்தின் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. 2008 மே 24-ஆம் தேதி தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் செயல்படத் தொடங்கும்வரை பயணிகள் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போய்வந்தன. சத்தம் நெருங்கினால் அப்பா கையைத் தூக்குவார். பேச்சைப் பாதியில் நிறுத்துவோம், விமானம் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். தங்கை காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தாள்.

இதற்காக யார் மீதும் எங்களுக்குக் கோபமில்லை. விமானத்தால்தான் எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. செங்குத்தாக எழும்பி இறங்கும் மின்சார விமானங்களையும் நான் எதிர்க்கவில்லை. சர்லா ஏவியேஷன் என்ற பெங்களூரு நிறுவனம் 2025 ஜனவரியில் 'சூன்யா' என்ற மாதிரியை டெல்லியில் காட்டியபோது மனசு நிறைந்தது. 1936-இலேயே விமானம் ஓட்டிய இந்தியப் பெண் சர்லா துக்ரால் பெயர் அல்லவா அது!

நான் கேட்பது சத்தத்தைப் பற்றி மட்டும்தான்.

இவை ஹெலிகாப்டரைவிடச் சத்தம் குறைந்தவை என்பது உண்மை. பெரிய ஒரே சுழலிக்குப் பதில் பல சிறிய சுழலிகள், அவற்றின் நுனி வேகமும் குறைவு. அமெரிக்காவின் ஜோபி நிறுவனம் தன்னுடைய இவ்வகை விமானத்தை நாசாவோடு சேர்ந்து அளந்தபோது, சுமார் 500 மீட்டர் உயரத்தில் பறக்கையில் 45 டெசிபல்தான் வந்தது. எழும்பும்போதும் இறங்கும்போதும், 100 மீட்டர் தூரத்தில், 65-க்குக் கீழே இருந்தது.

சரி, குடியிருப்புப் பகுதிக்கு நம் நாட்டு விதி என்ன? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பகலில் 55 டெசிபல், இரவில் 45. விதி சொல்வது ஒரு நீண்ட நேரத்துக்கான சராசரி, விமானம் கடப்பது சில நொடிச் சத்தம்; இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது என்று தெரியும். அதனால்தான் எத்தனை தடவை என்ற கேள்வி முக்கியமாகிறது. குறுகிய தூரம், நிறைய நடை என்றால்தான் இந்தத் தொழில் கட்டுப்படியாகும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் வேடிக்கை பார்க்க மாடிக்கு ஓடுவோம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மறுபடியும் கையைத் தூக்க வேண்டியதுதான்.

ஆகவே, நகருக்குள் ஒரு வெர்டிபோர்ட்டுக்கு, அதாவது இந்த விமானங்கள் எழும்பி இறங்கும் நிலையத்துக்கு, அனுமதி தருவதற்கு முன், அந்த வழியில் சோதனை ஓட்டம் விட்டு அளந்து பாருங்கள். நிலைய வேலிக்குள் மட்டும் அளந்தால் போதாது. வீடுகளின் மொட்டை மாடியிலும், பள்ளி வகுப்பறையிலும், இரவு பத்து மணிக்கு மேலும் அளக்க வேண்டும். மணிக்கு எத்தனை நடை என்பதற்கு உச்சவரம்பு வைத்து, அதை அனுமதியிலேயே எழுதுங்கள். மக்கள் கருத்துக் கேட்பதை நட்சத்திர ஓட்டலில் ஆங்கிலத்தில் நடத்தாமல், எங்கள் வார்டிலேயே கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் நடத்துங்கள். இங்கே வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்களும் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் பையன்களும் நிறைய. அவர்களுக்கும் சொல்ல இருக்கும்.

எங்கள் மாடிச் சாவி கீழ்வீட்டில் இருக்கிறது. அளக்க வருகிறவர்களுக்கு எந்த நேரமானாலும் திறந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
முருகேஷ்பாளையாவாசி ஒருவர்