அடர்நிறமும் வெளிர்நிறமும்: நம் ஒட்டுத்தையல் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இங்கே கூடியிருக்கும் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் வட்டம் மாதம் தவறாமல் கூடியது. சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் ஊருக்குள் வண்டி வர வழியில்லாமல் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் மகளோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார்; போகும்போது தன் பெரிய கத்தரிக்கோலை வட்டத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருந்த ஒரு வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கொடைக்கானலில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டுப் போர்வை தைத்துத் தருவதாகப் போன பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். லாக் கேபின் முறையில் தைக்கலாம் என்றார் தலைவர். அமெரிக்காவில் 1860களில் பரவலான முறை அது. நடுவில் ஒரு சின்னச் சதுரம். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவதுபோல அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் துணி வைத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர்நிறம், மற்ற இரண்டு பக்கம் அடர்நிறம். நடுச் சதுரம் சிவப்பாக இருந்தால் அது வீட்டின் அடுப்பு என்று அங்கே சொல்வார்கள். நாமும் சிவப்புத்தான் வைத்தோம்.

ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டிய பட்டை, தைத்த பிறகு ஒரு அங்குலமாக நிற்கும். மூன்று சுற்று முடிந்தால் ஏழு அங்குலக் கட்டம். ஒரு கட்டத்துக்கு 13 துண்டு. அகலத்துக்கு எட்டு, நீளத்துக்குப் பத்து என்று 80 கட்டம். ஆக 1,040 துண்டுகள். இந்தக் கணக்கெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. நிறம்தான் நம்மை ஜூன் மாதம் உட்கார வைத்தது.

ஜூன் கூட்டத்தில் முதல் 12 கட்டங்களைத் தரையில் விரித்தோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அவ்வளவு அழகு. சேர்த்து வைத்தபோது எந்த உருவமும் தெரியவில்லை. சாய்சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் என்று படத்தில் பார்த்தது எங்கே போனது என்று எல்லோரும் முழித்தோம். பழங்காநத்தத்திலிருந்து வரும் தங்கை கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினார். குங்குமச் சிவப்பும் இலைப்பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. அடர்த்தி, வெளிர் என்று நாம் பிரித்து வைத்ததாக நினைத்த துணிகள் பாதிக்கு மேல் நடுத்தரம்தான். சிவப்பு வேறு பச்சை வேறு என்று கண் சொல்லும். ஆனால் வெளிச்சக் கணக்கில் இரண்டும் ஒன்றாக இருந்தால் கோடு விழாது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலே இது தெரியும். அந்த 12 கட்டங்களையும் பிரித்தோம். பிரிக்க இரண்டு கூட்டம் ஆனது.

இது ஏன் நடந்தது என்று யோசித்தால், நம் வீட்டு அலமாரியிலேயே காரணம் இருக்கிறது. நாம் வாங்குவதெல்லாம் அழுக்குத் தாங்கும் கலர். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, ராமர் பச்சை. வெளிர்த் துணி என்று தேடினால் பாவாடைத் துணியும் குழந்தைக்குக் கட்டிய மல் துணியும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அப்போது செல்லூர் அக்கா ஒரு மஞ்சப்பை நிறைய வேட்டிகள் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் கட்டிய எட்டு முழ வேட்டிகள். ஒன்று நீலம் போட்டுப் போட்டு லேசான நீலம் ஏறிய வெள்ளை. இன்னொன்று பழுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. கரை கிழிந்த ஒன்று மட்டும் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். இந்தப் போர்வையின் வெளிர்ப்பக்கம் பெரும்பாலும் அந்த வேட்டிகள்தான். அக்காவுக்கு இந்த அறிக்கையின் வழியாக வட்டத்தின் நன்றி.

அடர்ப் பக்கத்துக்குக் கறுப்பு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வயதானவர்களுக்குக் கொடுப்பது, கறுப்பு வேண்டாம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நான் கறுப்பின் பக்கம் பேசினேன். அமெரிக்காவில் எளிய வாழ்க்கை வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் பழைய போர்வைகளில் கறுப்புக்குப் பக்கத்தில் ஊதாவும் சிவப்பும் ஒளிர்வதைப் படத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் ஒருவர் மனம் சங்கடப்பட்டு ஊசி பிடிக்கக் கூடாது. நாவல்பழ நிறமும் அரக்கும் என்று முடிவானது. அது நல்ல முடிவு என்று இப்போது நினைக்கிறேன்.

சுங்குடி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊர்த் துணி, அதை விட்டுவிட்டுத் தைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி வெள்ளையாக நிற்பதுதான் சுங்குடியின் அழகு. அதுவே இங்கே சிக்கல். அரக்குச் சுங்குடியில் புள்ளி நெருக்கமாக இருந்தால், நான்கு அடி தள்ளி நின்று பார்க்கும்போது அரக்கு வெளுத்து நடுத்தரமாகிவிடுகிறது. புள்ளி தள்ளித் தள்ளி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அடர்ப் பக்கம் சேர்த்தோம். ஒரே சேலையின் உடலும் முந்தியும் வேறு வேறு குவியலுக்குப் போயின.

இன்னொரு துணியும் நமக்குப் பாடம் எடுத்தது. சிமெண்ட் கலர் கைத்தறி. நாவல்பழ நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிர்; வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அடர்த்தி. எந்தக் குவியலில் போடுவது என்று ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு துணி தன்னளவில் அடர்த்தியும் இல்லை, வெளிரும் இல்லை. பக்கத்துத் துணிதான் அதை முடிவு செய்கிறது. இப்படி ஊசலாடும் துணிகளை எல்லாம் மூன்றாவது பையில் போட்டுக் கட்டி வைத்தோம்.

ஆகஸ்டில் சாயம் போன கதை எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அறிக்கையில் பதிவாக வேண்டும். நடுச் சதுரத்துக்கு ஒரு கடையில் சிவப்பு காட்டன் வாங்கினோம். சாயம் போகாது என்று உறுதியாகச் சொன்னார்கள். நனைத்துப் பார்க்காமல் வெட்டிவிட்டோம். அது செயலாளரான என் தவறு. தைத்த ஒன்பது கட்டங்களை அலசியபோது வேட்டித் துணியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கல்லுப்புப் போட்டு ஊறவைத்தோம், பலன் இல்லை. சாயம் ஏற்றும்போதுதான் உப்பு உதவும். துணியில் ஒட்டாமல் மிச்சம் நிற்கும் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. பிறகு பெரிய அண்டாவில் நிறையச் சுடுநீர் விட்டு, சோப்புத்தூள் கலந்து, ராத்திரி முழுக்க முக்கி வைத்தோம். காலையில் தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. ஏழு கட்டங்கள் தேறின, இரண்டு தேறவில்லை. இனி எந்த அடர்துணி வந்தாலும் முதல் நாளே நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்த பிறகே வெட்டுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

தைக்கும்போது கற்ற சில விஷயங்களைப் புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். மடிப்பை எப்போதும் அடர்துணிப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வெளிர்ப் பக்கம் சாய்த்தால், நைந்த வேட்டிக்கு அடியில் அரக்கு விளிம்பு, தோலுக்குக் கீழே நரம்பு தெரிவதுபோலத் தெரிகிறது. நூலுக்கு வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். சாம்பல் நூல் இரண்டு பக்கமும் அடங்கிப் போகிறது. அப்புறம், பட்டைகளின் வரிசை. வெளிர்ப் பட்டையில் தொடங்கினால் வெளிர் 21 சதுர அங்குலம், அடர்த்தி 27 என்று முடியும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வரும் பட்டைகள்தான் நீளம். மழைக்காலத்தில் மலையில் வெளிச்சமே மங்கல். அறைக்குள் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நாம் அடர்த்தியில் தொடங்கினோம். அதனால் 27 வெளிருக்குக் கிடைத்தது.

டிசம்பரில் மொட்டை மாடியில் 80 கட்டங்களையும் விரித்த அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். காற்றுக்குப் பறக்காமல் ஓரங்களில் அரைப்படி, டம்ளர் எல்லாம் வைத்தோம். முதலில் உழவுச்சால் போலச் சாய்வுக் கோடுகளாக அடுக்கினோம். அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று மாற்றி, சாய்சதுரம் விரியும்படி வைத்தோம். தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறிப் பார்த்த தங்கை, “அக்கா, விரியுது, விரியுது” என்று சத்தம் போட்டார். துணி ஒன்றுகூட மாறவில்லை. திருப்பி வைத்ததில் வேறு போர்வையாகிவிட்டது. கை தூக்கி வாக்கெடுத்தோம், சாய்சதுரம் ஜெயித்தது.

ஜனவரியும் பிப்ரவரியும் மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டோம். கண்புரை ஆபரேஷன் ஆன இரண்டு அம்மாக்கள் வெளிர்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அரக்கிலும் நாவல்பழத்திலும் விளக்கு வெளிச்சத்தில் தையல் கண்ணுக்கே தெரியாது. ஆகவே அதை ஜன்னலோரம், பகலில் மட்டும் தைத்தோம். சுற்றிலும் நான்கு அங்குல அரக்கு ஓரம் சேர்த்து 64க்கு 78 அங்குலப் போர்வையாக மார்ச் முதல் வாரம் முடிந்தது. நால்வர் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரு பாட்டி போர்வையைத் தடவி, “இது வேட்டித் துணிதானே” என்று கேட்டாராம்.

வேலைக்கு நடுவே நவம்பரில் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளின் படங்களைத் தலைவர் காட்டினார். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி அவற்றைப் பெயர்பெறச் செய்தது. வயலில் போட்டு நைந்த கால்சட்டைத் துணி. பையைப் பிய்த்தெடுத்த இடத்தில் மட்டும் வெயில் படாத பழைய நீலம் அப்படியே கருத்து நிற்கிறது. ஒரே துண்டுக்குள் அடர்த்தியும் வெளிரும். அதைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் வீட்டுப் பழந்துணியைப் புதுக்கண்ணோடு புரட்டினோம்.

கூட்டம் நடத்தும் இடத்தின் வாடகை கூடியிருக்கிறது. சந்தா பற்றிப் பொருளாளர் சொல்வார்.

வரும் ஆண்டுக்கு, கட்டி வைத்த மூன்றாவது பையைத் திறக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து. உருளும் கட்டைகள் என்ற வடிவத்துக்கு வெளிர், நடுத்தரம், அடர்த்தி மூன்றும் சம அளவில் வேண்டும். மூன்றும் சரியாக அமைந்தால் தட்டைத் துணியில் கனசதுரம் எழுந்து நிற்கும். சிமெண்ட் கலர் கைத்தறிக்கும் அதில் இடம் கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பழைய வெளிர்த் துணியாவது, துவைத்து, கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மதுரை