வியாசர்பாடி சபை ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

ஆயர் ஐயாவுக்கும் சங்கத்தின் அங்கத்தினர் எல்லோருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாத வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால வீட்டு ஜெபங்கள், கிறிஸ்மஸ் கீத பவனி எல்லாம் கர்த்தருடைய கிருபையால் நன்றாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். நான் அதிகம் பேச விரும்புவது ஞானஸ்நான ஆயத்த வகுப்பைப் பற்றித்தான்.

வகுப்பில் கலந்துகொண்ட பெரியவர்களில் பலர் நம் தெருக்காரர்கள், பல வருஷமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் பாவமன்னிப்பு, கிறிஸ்துவோடு மரித்து எழும்புவது பற்றியெல்லாம் பேசுகிறோம், சரி, ஆனால் சாதிச் சான்றிதழ் விஷயத்தையும் அதே வகுப்பில் திறந்து சொல்ல வேண்டும் என்று கமிட்டி இந்த ஆண்டு முடிவெடுத்தது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடுகிறது, தமிழ்நாட்டில் அவர் பி.சி. என்கிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துவிடுகிறார். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அந்த ஆணையில் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டும் நிலைமை மாறவில்லை. இது அநியாயம், மதம் மாறியதும் தெருவில் சாதி மறைந்துவிடுகிறதா என்ன? ஆனாலும் பட்டியல் சாதிக்கான உதவித்தொகையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் தண்ணீருக்கு அழைத்துப் போவது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதைக் கேட்ட பிறகு ஒரு தங்கை படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறார், யாரும் அவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன் எல்லாம் தெரிந்தே ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தார். பெயரை மாற்ற வேண்டுமா என்று அவருடைய அம்மா கவலைப்பட்டார், தேவையில்லை என்று ஆயர் ஐயா வீட்டுக்கே போய்ச் சொன்னார், அந்த அம்மாவும் ஞானஸ்நானத்தன்று நம் கோயிலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியிடம் முதலில் கேட்டதே, வாசிப்பது புரிகிறதா என்றுதான், ஞானஸ்நானம் அதற்கப்புறம்தான் வருகிறது.

அப்புறம் மழைக்கால வேலை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் நம் ஏரியா என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளத்தில் நாம் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள், அவர்களுடைய பாரம் எனக்குப் புரிகிறது, ஆனால் கமிட்டி வேண்டாம் என்றது, அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். பசியோடு கை நீட்டுகிறவர் கையில் பிரதியைத் திணித்தால் அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? சோறு கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு நம் காதுக்கும் வந்திருக்கிறது. இந்த முறை அம்மன் கோயில் இளைஞர்களும் நம்மோடு நின்று பொட்டலம் கட்டினார்கள், ஆடிக் கூழ் ஊற்றும் அந்த அண்டாவில்தான் சாம்பாரே கொதித்தது. அவர்களில் ஒருவர் வேலைக்கு நடுவே தானாகவே, நீங்கள் ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டார், அப்போது நம் தம்பிகள் இயேசுவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசினார்கள். அப்படிக் கேட்டுப் பேசும் பேச்சு இந்த ஆண்டு இன்னும் நிறைய நடக்க வேண்டும் என்பது என் ஜெபம்.

அடுத்த ஆயத்த வகுப்பு பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பின் தொடங்கும். சான்றிதழ் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு வழக்கறிஞரை ஒருநாள் அழைக்க அனுமதி கேட்கிறேன், சபையார் ஒப்புதல் தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்