எந்த ஆலிவ் எண்ணெய் என்று பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்ததில் ஃபேட்டி லிவர், கிரேடு 2 என்று வந்தது. மறுநாளே அண்ணி ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்துவிட்டார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ‘போமஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. கல்லீரலுக்கு நல்லது என்று பேசப்படும், ஆலிவில் உள்ள ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பொருள் சுத்திகரிப்பிலேயே பெரும்பாலும் போய்விடும், சுத்திகரிக்காமல் பழத்தைப் பிழிந்தே எடுக்கும் எக்ஸ்ட்ரா வர்ஜினில்தான் தங்கும்.

சிலி நாட்டு ஆய்வாளர்கள் கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளுக்கு இந்த ஹைட்ராக்ஸிடைரோசாலைக் கொடுத்தபோது, கல்லீரலில் கொழுப்பை எரிக்க உதவும் பிபிஏஆர்-ஆல்ஃபா, செல்லைக் காக்கும் என்ஆர்எஃப்2 ஆகிய புரதங்கள் மறுபடி சுறுசுறுப்பாயின, கொழுப்பும் குறைந்தது. சரி, ஆனால் அது எலியில் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் லேபிளில் போட அனுமதித்த வாசகம்கூட ரத்தக் கொழுப்பைப் பற்றியதுதான், அதற்கும் 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதைச் சார்ந்த பொருள்களும் சேர்ந்து 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

அப்புறம், எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். எண்ணெயை நம்பி அண்ணன் நடைப்பயிற்சியை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த எண்ணெய் வகைகளைப் பற்றி ஒரு முறை விளக்கமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி