ஐப்பசிக்கு முன் எங்கள் வரத்துக்காலைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் ஓடையான வரத்துக்கால் பற்றிய மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் வந்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். முந்தைய மனுவுக்கும் இதே வரிதான் வந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். சோலார் மின் நிறுவனத்தின் வேலிக்குள் போய்விட்ட அந்த ஓடையை அளந்து, கல் ஊன்றி, பழையபடி திறந்துவிடுங்கள்.

போன ஐப்பசியில் நல்ல மழை. மேட்டுக்காட்டுத் தண்ணீர் ஓடை வழியாகக் கண்மாய்க்கு வந்திருக்க வேண்டும். பேனல் நடுவதற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது ஓடையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பதிலுக்குப் போட்ட சிமெண்ட் குழாய் முதல் மழையிலேயே சருகும் மண்ணுமாக அடைத்துக்கொண்டது. முட்டிய தண்ணீர் திரும்பி, கீழ்க்காட்டு மிளகாயில் ஏறி நின்றது. கரிசல் மண்ணில் நின்ற தண்ணீர் லேசில் வடியுமா? வேர் அழுகிப் போனது. கண்மாயிலோ மடையைத் தொடும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அந்தப் பக்கம் நெல் காய்ந்தது. நிவாரணம் கேட்கப் போனவர்களிடம், இதை வெள்ளத்தில் எழுதுவதா வறட்சியில் எழுதுவதா என்று கேட்டிருக்கிறார்கள்.

சூரிய மின்சாரத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது பெருமைப்பட்டவர்கள்தான். எங்களிடம் தாராளமாக இருப்பது வெயில் ஒன்றுதான், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும் என்கிற தொழில் இது. தரகர்கள் புஞ்சைக் காட்டைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கும்போது, நடுவில் கிடக்கும் ஓடையும் வண்டிப்பாதையும் யார் கணக்கில் போகின்றன? சோலாருக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. புகை வராதாம். சரி, தண்ணீர் வர வேண்டுமே!

ஓடைப் புறம்போக்கை யாரும் யாருக்கும் விற்க முடியாது. நில அளவைப் புலப்படத்தில் அந்த ஓடைக் கோடு இன்னும் இருக்கிறது. அதே இடத்தில் இல்லாதப்பட்டவர் ஒருவர் குடிசை போட்டிருந்தால் இந்நேரம் ஜேசிபி வந்திருக்கும். ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இலேயே சட்டம் வந்தது. அது குடிசைகளுக்கு மட்டும்தான் என்றால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், மனு எழுதும் செலவாவது மிச்சமாகும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சர்வேயரை அனுப்பி ஓடையை அளந்து தரவும், குழாயை எடுத்துவிட்டு முழு அகலத்துக்கும் வரத்துக்காலைத் திறக்க நிறுவனத்துக்கு உத்தரவிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். அளவுச் சங்கிலி பிடிக்க ஆட்களை நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள் சார்பாக ஒருவன்