கணக்கு இடிக்காத பொய்

சிவமயம்

டெல்ஃப்ட்,
ஐப்பசி 6

அன்புள்ள அப்பச்சிக்கு,

நலம். நீங்களும் ஆத்தாவும் அப்பத்தாவும் நலமாக இருக்க வேண்டும். ரங்கூனிலிருந்து ஐயா பள்ளத்தூருக்கு எழுதிய கடிதங்களில் பாதி வட்டிக் கணக்கும் பாதி மழை விசாரிப்பும்தான் என்பீர்கள். இதிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலில், நீங்கள் அண்ணனிடம் கேட்டதற்குப் பதில். வேலையை விடவில்லை, விடும் யோசனையும் இல்லை. என் அறிவியல் கதை வந்த பத்திரிகையை யாரோ கொண்டுவந்து காட்டி, "பையன் எழுத்தாளன் ஆயிட்டானாமே" என்றதில் உங்களுக்குக் கலக்கம் என்று அண்ணன் சொன்னார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டேதான் அப்படி எழுதிக் குவித்தார். ஓட்டு மெஷினை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சீனாவில் லியூ சிஷின் என்று ஒருவர் மின் நிலையத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினியராக இருந்தார். அந்த வேலையில் இருந்தபோது எழுதிய நாவலுக்கு 2015-இல் ஹியூகோ விருது கிடைத்தது. நான் அவர்கள் பக்கத்தில் நிற்கிற ஆள் இல்லை. சம்பளமும் எழுத்தும் ஒரே வீட்டில் இருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

இந்த ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். நெதர்லாந்து நாட்டில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே. நான் வந்து இறங்கிய ஸ்கிபோல் விமான நிலையமே முன்பு ஏரி. நீராவி பம்ப் வைத்து இறைத்து, 1852-இல் ஏரியைக் காயவைத்துவிட்டார்கள். நம் வீட்டில் மழை வந்தால் ஆத்தா வளவில் அண்டா, தவலை எல்லாவற்றையும் ஓட்டுத் தண்ணீருக்கு வைப்பார்கள். இங்கே மழை வந்தால் எங்கோ ஒரு பம்ப் ஓடத் தொடங்கும். தண்ணீரைத் தள்ளிவிடுவதற்கென்றே தனி வாரியம், தனி வரி, தனித் தேர்தல். மற்றபடி குளிர், எதிர்காற்றில் சைக்கிள், மத்தியானம் ரொட்டியும் சீஸும். சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லவேண்டும், கதை பிறந்தது அங்கேதான். ரோட்டர்டாமுக்குக் கப்பல் போகிற நீர்வழியில் மாஸ்லாண்ட் தடுப்பு என்று இரண்டு கதவுகள். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். வருஷத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் மூடிப் பார்ப்பார்கள். ஜனங்கள் மடக்கு நாற்காலியும் காப்பி பிளாஸ்க்குமாகக் கரையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நம்மூர் தேர் பார்க்கிற மாதிரி. கதவு கிடக்கும் துறைக்குள் தண்ணீர் விடுகிறார்கள், கதவு மிதக்கிறது, நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகத்தில் நடு ஆற்றுக்கு வருகிறது. அப்புறம் அதன் வயிற்றுக்குள் தண்ணீரை நிரப்ப, மெள்ள அடியில் போய் உட்காருகிறது.

புயல் நாளில் அதை மூடச் சொல்வது மனிதன் இல்லை. ரோட்டர்டாமில் தண்ணீர் 3 மீட்டருக்கு ஏறும் என்று கணக்கு வந்தால் கம்ப்யூட்டரே மூடிவிடும். 1953 வெள்ளத்தில் இந்த நாட்டில் 1,836 பேர் செத்தார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் மனிதன் தயங்குவான், துறைமுக நஷ்டத்தை நினைப்பான் என்று முடிவையே மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள். 2023 டிசம்பர் புயலில் அது தானாகவே மூடியும் காட்டியது.

கரையில் நின்றபோது எனக்கு நம் கண்மாய் மடைதான் ஞாபகம் வந்தது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சியின் இடத்தில் இப்படி ஒரு மெஷினை வைத்தால்? கதை அவ்வளவுதான். ஒரு வருஷம் கண்மாய் பாதிதான் பெருகுகிறது. மேல்மடைக்கு மட்டும் விட்டால் அங்காவது நெல் தேறும், எல்லோருக்கும் விட்டால் யாருக்கும் தேறாது என்று மெஷின் கணக்குப் போடுகிறது. கணக்கு சரி. கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வருகிறான். நீர்பாய்ச்சி என்றால் வாசலில் நின்று சத்தம் போடலாம், அவர் பெண்டாட்டி சமாதானம் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். இதற்கு வாசலே இல்லை.

மெஷினுக்குக் கோபம் வந்து மனிதனைக் கொல்லும் கதைகள் எனக்கு ருசிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மெஷினிடம்தான் பயப்பட விஷயம் இருக்கிறது. ஆபீஸில் என் வேலையே ஒரு பெரிய அட்டவணைதான்: இந்த வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும், மூடச் சொல்லும் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று வரிவரியாக. அந்த நேரத்தில் அங்கே யார் நிற்பார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன்.

எழுதும் முறை உங்களிடம் கற்றதுதான். ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தால் உங்களுக்கு ராத்திரிச் சோறு இறங்காது. அறிவியல் கதையில் முதலில் ஒரு பொய்யை வரவு வைத்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் பேரேடு முழுக்க எங்கேயும் இடிக்கக்கூடாது. காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் திறந்த நாளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது, நீல மருந்தில் இரும்பு ஆணியை முக்கிச் செம்பாக எடுத்தார்கள். மந்திரம் மாதிரி இருந்தது. விளக்கம் சொன்ன பிறகும் மந்திரமாகவே இருந்தது. எனக்கு அந்த இரண்டாவது ஆச்சரியம்தான் வேண்டும்.

அடுத்த கதையும் மடை பற்றித்தான். அதனால் ஒரு வேலை. பழைய நீர்பாய்ச்சி வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்: தண்ணீர் குறைந்த வருஷத்தில் எந்த மடையை முதலில் திறப்பார்கள், முறை வைப்பதை யார் சொல்வது, சண்டை வந்தால் எங்கே தீர்ப்பார்கள், அவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா?

பணம் அனுப்பியிருக்கிறேன். கார்த்திகை மழை வலுப்பதற்குள் இரண்டாங்கட்டு ஓடு மாற்ற ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஆத்தா அனுப்பிய மணகோலம் ஆபீஸில் ஒரே நாளில் காலி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்