ஜெரால்ட் டேவிஸ் தொடருக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வேல்ஸ் நாட்டு ரக்பி விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவர்) ஜெரால்ட் டேவிஸைப் பற்றி எழுதி வந்த தொடர் நல்லபடியாக முடிந்தது. 1978இல் சர்வதேச ரக்பியிலிருந்து விலகிய ஒருவரை, ரக்பி அவ்வளவாகப் பழக்கமில்லாத வாசகர்கள் வாராவாரம் தேடிப் படித்தார்கள். அதில் பெரும்பங்கு உங்களுடையது.

முதலில், பழைய ஆட்டப் பதிவுகளைப் பொறுமையாகப் போட்டுக்காட்டிய பயிற்சியாளர் நண்பருக்கு. 1971இல் எடின்பரோவின் மர்ரேஃபீல்டு மைதானத்தில் நடந்த ஆட்டத்தை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்! வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து 18-14 என்று முன்னிலை. ஆட்டம் முடியப்போகிறது. லைன்அவுட்டில், அதாவது வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறியும்போது, வேல்ஸின் டெல்மி தாமஸ் பந்தைப் பறிக்கிறார், பந்து கைமாறி வலது ஓரத்துக்கு வருகிறது, டேவிஸ் மூலையில் டிரை வைக்கிறார், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கிறார். அன்றைக்கு டிரைக்கு மூன்று புள்ளிதான். டிரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதையை, எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து ஜான் டெய்லர் இடது காலால் உதைத்தார்; அது கம்பங்களுக்கு நடுவே போனதால் வேல்ஸுக்கு 19-18 என்று வெற்றி. "விங்கரைப் பார்க்காதீங்க, பந்து அவர்கிட்ட எப்படி வருதுன்னு பாருங்க" என்று நீங்கள் சொன்னதுதான் தொடரின் போக்கையே தீர்மானித்தது. முழு வேகத்தில் வரும்போதே வலது காலை ஊன்றி உள்பக்கம் வெட்டும் அவருடைய வித்தையை, மைதானத்தில் ஓடியே காட்டினீர்கள். அந்த அத்தியாயம் உங்களுடையது.

டேவிஸ் சென்டராக, அதாவது நடுப்பகுதியில் ஆடுபவராக அறிமுகமானவர். 1969 நியூசிலாந்துப் பயணத்தில்தான் பயிற்சியாளர் கிளைவ் ரோலண்ட்ஸ் அவரை ஓரத்துக்கு மாற்றினார். இந்தப் பகுதியில் என் பழைய வரைவை வெட்டிச் சீராக்கிய நண்பருக்கும் நன்றி.

அப்புறம், ஆசிரியராக இருக்கும் வாசகி ஒருவர். விளையாடச் சம்பளம் கிடையாது என்றால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தார். டேவிஸும் ஆசிரியராக இருந்தவர்தான்; கேம்பிரிட்ஜ் படிப்புக்காக 1970 சீசனில் வேல்ஸுக்கு ஆடாமல் ஒதுங்கியவர். ரக்பி யூனியன் என்னும் இந்த வகை ரக்பியில் 1995 வரை விளையாடச் சம்பளம் கிடையாது என்ற நிலைதான். உங்கள் கேள்வி இல்லாவிட்டால் வெறும் டிரை கணக்காகவே எழுதி முடித்திருப்பேன். 46 ஆட்டம், 20 டிரை என்பதைவிட, வேலையையும் படிப்பையும் வைத்துக்கொண்டு அதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸின் 1974 தென்னாப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி விடாமல் கேட்ட இளைஞருக்குத் தனி நன்றி. 1968இல் தென்னாப்பிரிக்கா போய் நிறவெறி ஆட்சியை நேரில் பார்த்த டேவிஸ், 1974இல் போகவில்லை. வென்று திரும்பிய அணியில் அவர் பெயர் இல்லை. அவருடைய டிரைகள் எல்லாவற்றையும்விட அந்த முடிவை நான் அதிகம் மதிக்கிறேன்.

1978இல் பான்டிபூல் அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் கார்டிஃப் அணிக்காக அவருக்குப் பந்து கிடைத்தது நான்கே தடவை, நான்கும் டிரை. அந்தச் செய்தி வந்த பழைய நாளிதழை எடுத்துத் தந்த நூலக ஊழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்ததாக கென் ஜோன்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய அதே வேல்ஸ் விங்கர். 1953இல் நியூசிலாந்தை வென்ற ஆட்டம் பற்றிய பழைய செய்திகள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
தொடரை எழுதியவன்