கல்யாணம் முடிந்த பிறகுதான் சொல்வதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் மறுபடி கொழும்புக்குப் போய்விட்டார்கள். கடை, கார்மன்ட், வீட்டு வேலை என்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் போகிறவர்கள். காசு பத்திரம், போன் பத்திரம் என்று ஆயிரம் புத்தி சொல்லி அனுப்புகிறோம். உடம்பைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு தெரியாத விஷயமில்லை. மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வருகிறார். மூன்று மாத ஊசி, மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் லூப், கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி எல்லாம் கிடைக்கும். ஆனால் அவர் கணக்கில் வருவது குடும்பம் நடத்துகிறவர்கள். கல்யாணமாகாத பிள்ளை கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் கொழுந்து நிரை முழுக்க அதே பேச்சுத்தான். அதனால் டவுன் பார்மசிக்குப் போய் அவசர கருத்தடை மாத்திரை வாங்குகிறார்கள்.

அந்த மாத்திரையைக் கருக்கலைப்பு என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள். அப்படியல்ல. சினைமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை; கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதனால் கலைக்க முடியாது. உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். போட்டுவிட்டோம் என்று அடுத்த முறைக்கும் நம்பியிருக்க முடியாது. மாதவிலக்கு ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். வழக்கமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு ஊசி, தினசரி மாத்திரை மாதிரியானவைதான் சரி.

அப்புறம், ஊசியும் லூப்பும் பிள்ளை தரிப்பதைத்தான் தடுக்கும். எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியாவுக்கு ஆணுறை வேண்டும். பெண் ஊசி போட்டிருந்தாலும் பையன் ஆணுறை போடத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதிக்கலாம், விஷயம் வெளியே போகாது. இதைப் பையன்களுக்கு யார் சொல்கிறார்கள்?

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். 80களில் அரசாங்கம் காசு கொடுத்து எங்கள் அம்மாமாருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தபோது வராத கூச்சம் இப்போது எங்கிருந்து வந்தது?

சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வேண்டாம், டவுனில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் இளைஞர்களுக்கென்று ஒதுக்குங்கள். தமிழ் பேசும் ஒருவர் இருக்கட்டும். “கல்யாணமாகிவிட்டதா?” என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். ஆணுறையையும் கேட்டு வாங்கும்படி இல்லாமல், தாங்களே எடுத்துக்கொள்கிற மாதிரி வெளியே ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) ஊழியர் ஒருவர்,
தலவாக்கலை.